முடிச்சுக்கு ரசீது கிடையாது

மணி அடித்த அன்றைக்கு மஸ்கட்டில் எங்கள் பிரஸ்ஸில் இருந்தவர்கள் இவர்கள்: பெரிய மிஷினில் ஜோசப், கோட்டயத்துக்காரர், கட்டிங் மிஷினில் ரஃபீக், வங்காளதேசத்துக்காரன், கண்ணாடி அறைக்குள் சாலிம், உள்ளூர்க்காரர், எங்கள் மேனேஜர், அவரை முதீர் என்றுதான் கூப்பிடுவோம், வாசலில் கையில் ஸ்டாப்வாட்ச்சோடு தீயணைப்பு ஆபீசிலிருந்து வந்த ஓர் அதிகாரி, இரண்டு கலர் மிஷினில் நான், நாரணாபுரம் மாரியப்பன். ஆக ஐந்து பேர். இதை இவ்வளவு கச்சிதமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. மணி அடித்து ஓய்ந்து, வெளியே வேப்பமரத்தடியில் தலை எண்ணியபோது நான்கு பேர்தான் இருந்தார்கள். குறைந்த தலை என்னுடையது.

நிஜ நெருப்பு இல்லை அது. நெருப்பு வந்தால் எப்படி ஓடுவது என்று பழகிப் பார்க்கிற ஒத்திகை. முந்தின நாளே ஜோசப் சொல்லிவிட்டார். "மாரீ, மணி அடிக்கும்போள் மிஷின் ஓஃபாக்கி நேரே மரத்தின்டெ சோட்டில் வரணும், கேட்டோ" என்று தன் மலையாளத்தை எனக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மிஷினை நிறுத்திவிட்டு நேரே மரத்தடிக்கு வரணும் என்று எனக்குப் புரியத்தான் செய்தது. ஆனால் மணிச்சத்தம் கேட்டதும் கால் மரத்துப் பக்கம் போகவில்லை, பிரஸ்ஸுக்குப் பின்னால் இருந்த எங்கள் ரூமுக்குப் போனது. கட்டில் தலைமாட்டில் ஆணியில் தொங்கிய துணிப்பையைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்புறம்தான் வெளியே வந்தேன். ஒத்திகைதானேய்யா என்று கேட்பீர்கள். ஒத்திகை நாள் பார்த்து நிஜ நெருப்பும் வந்தால்? இன்றைக்கு ஒத்திகை என்று நெருப்புக்கு யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? என் புத்தி எப்போதும் இப்படித்தான் ஓடும். இந்த ஊரில் எல்லாக் கட்டடத்திலும் வாசலுக்கு மேலே ஒரு பச்சைப் படம் இருக்கிறது. கதவைப் பார்த்து ஓடுகிற ஒரு மனிதன். அவன் கையில் ஒன்றுமே இல்லை. வந்த நாளிலிருந்து அவனை அண்ணாந்து பார்க்கிறேன். வெளியே போய்ச் சேர்ந்தபின் தான் இன்னார் என்று இவன் எதைக் காட்டுவான் என்று தோன்றும்.

பையில் என்ன இருந்தது என்றால், என் பிறப்புச் சான்றிதழ், எட்டாவதோடு நின்றபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்த டி.சி., அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது, எங்கள் கல்யாணப் பத்திரிகை, மகளின் பிறப்புச் சான்றிதழ். வீட்டு வரி ரசீதை மஸ்கட்டில் எவன் கேட்கப்போகிறான் என்று ஜோசப் சிரிப்பார். கேட்டால் என்ன செய்வது என்பதுதான் என் பதில். கேட்கிற ஒரே ஒரு காகிதம் பாஸ்போர்ட். அது என்னிடம் இல்லை, முதீரின் இரும்புப் பெட்டியில் இருந்தது. அங்கே அதுதான் நடைமுறை. லீவுக்குப் போகும்போது கையெழுத்துப் போட்டு எடுத்துக் கொடுப்பார்.

ரூமிலிருந்து மரத்தடிக்கு வருகிற பாதை கேட்டை ஒட்டி வரும். தலை குறைகிறது என்று தேடி வந்த சாலிம் என்னைக் கேட்டுக்குப் பக்கத்தில்தான் பார்த்தார். மூச்சு வாங்க, மார்பில் பையோடு. "கிதர் ஜாத்தா?" என்றார், எங்கே போகிறாய் என்று. அங்கே அரபிக்காரரும் நாங்களும் பேசிக்கொள்வது உடைந்த இந்தியில். என் இந்தி அதிலும் உடைந்தது. "காகஸ், முதீர், காகஸ்" என்று பையைத் தட்டிக் காட்டினேன், காகிதம் என்று. அவர் பையைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அதிகாரி ஓர் ஆள் குறைவு என்று எழுதிக்கொண்டு, மறுபடி வருவேன் என்று சொல்லிப் போனார். எனக்கு அந்த அதிகாரியைப் பற்றிக் கவலை இல்லை, முதீர் ஒன்றும் கேட்காததுதான் கவலை.

அதற்கு ஏற்றாற்போல், ஊருக்குப் போக நான் எழுதிக் கொடுத்திருந்த லீவுச் சீட்டு மறுநாள் கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்தது. ரஃபீக்தான் கொண்டுவந்து கொடுத்தான். நான் கண்ணாடி அறைக்கு ஓடினேன். "சப் காகஸ் லேக்கே ஜாயேகா, வாபஸ் நஹீ ஆயேகா" என்றார் சாலிம். எல்லாக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போவாய், திரும்பி வரமாட்டாய். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. எனக்கு முன்னால் என் மிஷினை ஓட்டியவர் இப்படித்தான் லீவில் போய் வராமலே இருந்துவிட்டார். டைரியும் காலண்டரும் குவிகிற சீசனில் மிஷின் சும்மா நின்றதாம். ஆனால் எனக்கு இந்த லீவு போனால் போகட்டும் என்று விடுகிற லீவு இல்லை. நான் விமானம் ஏறும்போது என் மனைவி ஜெயா மாசமாக இருந்தாள். மகள் பிறந்து, தவழ்ந்து, எழுந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள். போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். போனில் கேட்டால், "ஒங்க மக சுவரப் புடிச்சு நடக்கா, நீங்க எங்கன நிக்கீக?" என்பாள் ஜெயா.

நெருப்பு என்றால் காகிதத்தை நினைப்பது எங்கள் சிவகாசிப் பக்கத்துப் பழக்கம். ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வெடிக்கான காகிதக் குழாய் உருட்டுவார்கள். கம்பெனி பேப்பர் தரும், உருட்டிக் கட்டாகக் கட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது ஆபத்தில்லாத வேலை. ஆனால் தீபாவளி சீசன் சூடு பிடித்தால் சில வீடுகளில் திரி வெட்டுகிற வேலையும் ரகசியமாக நடக்கும். அப்படி ஒரு சீசனில் தெருக்கோடியில் சுப்பையா வீடு எரிந்தது. ஆட்கள் தப்பிவிட்டார்கள். ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் போயிற்று. சுப்பையா கலெக்டர் ஆபீஸ் இருக்கிற சூலக்கரைக்குப் பஸ் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். ஆபீஸ்காரர்களும்தான் என்ன செய்வார்கள், எரிந்துபோனதை எதை வைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள்? "ஆளு உசிரோட முன்னால நிக்கேன், ஆளுக்கு ஆதாரம் கொண்டாங்காக! என்னயவிடப் பெரிய ஆதாரம் எங்கனலே இருக்கு?" என்று டீக்கடையில் நின்று சத்தம் போடுவார். தெருவே சிரிக்கும். என் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த சீசன் தொடங்கியதும் அம்மா வீட்டுக் காகிதத்தை எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு விருதுநகருக்குப் பஸ் ஏறினாள். பஜாரில் கனி பாயின் மல்லி, மிளகாய் வத்தல் கடை. செத்துப்போன என் அப்பா அங்கே மூட்டை தூக்கியவர். கடைக்கு உள்ளே பாய்க்கு ஓர் இரும்புப் பெட்டி உண்டு. அதற்கப்புறம் வருடா வருடம் இந்தப் பயணம் நடந்தது. பேச்சும் வருடா வருடம் ஒன்றுதான்.

"என்ன தாயி, அதுக்குள்ள சீசன் வந்திருச்சா?"

"வந்திருச்சு பாய். லோடு லோடா பேப்பர் இறக்குதான் கம்பெனிக்காரன். வீட்டுல காலு வைக்க எடமில்ல. இதக் கொஞ்சம் வெச்சிருங்க."

"ஏன், சிவகாசில பேங்கு இல்லியா, பெட்டி இல்லியா? பஸ்ஸுக்குக் காசக் குடுத்து இம்புட்டுத் தூரம் வாரியே."

"சிவகாசில எங்கன வெச்சாலும் நெருப்புக்குப் பக்கந்தான பாய்."

"இங்கன மட்டும் என்ன இருக்கு? வத்தலு. அதும் எரியத்தான் செய்யும்."

"அதுல கண்ணுதான் எரியும். காயிதம் எரியாது."

பாய் பையைப் பிரித்துப் பார்க்கமாட்டார். சாக்கு தைக்கிற சணல் உருண்டையிலிருந்து ஒரு முழம் அறுத்து அம்மாவிடம் நீட்டுவார். அம்மா பை வாயைச் சுருட்டித் தன் முடிச்சைப் போடுவாள். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முடிச்சு உண்டு. கம்பெனியில் எல்லார் வீட்டுக் குழாய்க் கட்டும் ஒன்றாகக் குவிந்து கிடக்கும், எது யார் கட்டு என்று முடிச்சைப் பார்த்துத்தான் கணக்கு. அம்மாவின் முடிச்சில் கயிற்று நுனி இரண்டும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். இழுத்தால் இறுகும், அவிழ்க்கிற வழி தெரிந்தவர்கள்தான் அவிழ்க்க முடியும். அவ்வளவுதான் பூட்டு. அதுவேதான் ரசீது. முதல் வருடம் பாய் விளையாட்டாக, "கயித்துக்கு முக்கா ரூவா" என்றார். அம்மா முந்தியைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவ வாரப்போ தாரேன் பாய்" என்றாள். அடுத்த தடவை பாய், "பழைய பாக்கி என்னாச்சு?" என்றார். "அடுத்த தடவ" என்றாள் அம்மா. தீபாவளி கழிந்து போய்ப் பையை வாங்கி வருவோம். எங்கள் காகிதத்தில் எல்லாம் வத்தல் நெடி ஏறியிருக்கும். பூச்சி அண்டாது. பாஸ்போர்ட்டுக்கு என் டி.சி.யைக் காட்டினபோது கவுண்டரில் இருந்தவர் தும்மிக்கொண்டேதான் வாங்கினார்.

லீவுச் சீட்டு திரும்பி வந்த பிறகு எனக்கு வேலையில் மனசு ஓடவில்லை. ஆனால் ஒரு விசித்திரமான ஆசை பிடித்துக்கொண்டது: மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் காகிதத்தை எங்கே வைக்கிறார்கள்? ஜோசப்பைக் கேட்டேன். அவருடையது எல்லாம் கோட்டயத்தில் பேங்க் லாக்கரில், சாவி அவர் அம்மச்சியிடம். கையில் இருப்பது வெறும் நகல். "ஒரிஜினல் ஆரெங்கிலும் ஆணியில் தூக்குமோ மாரீ?" என்று அதற்கும் சிரித்தார், ஒரிஜினலை யாராவது ஆணியில் தொங்கவிடுவார்களா என்று. ரஃபீக்கைக் கேட்டேன். அவன் வீடு ஆற்றுக்குள் இருக்கிற மணல்திட்டில். மழைக்கு ஆறு வீட்டுக்குள்ளேயே வரும். ஆகையால் காகிதத்தைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, எண்ணெய் டின்னில் போட்டு, வாயை அடைத்து, கூரை மூங்கிலில் கட்டித் தொங்கவிடுவார்களாம். கூரையும் போனால் என்று கேட்டேன். "டின் தைரேகா பாய்" என்று கையை மிதக்கவிட்டுக் காட்டினான். நான் நெருப்புக்குப் பயந்து பையைப் பஸ்ஸில் ஏற்றுகிற ஜாதி, அவன் தண்ணீருக்குப் பயந்து டின்னை மிதக்க விடுகிற ஜாதி. அன்றைக்குத்தான் எனக்கு அவன் நெருக்கமானான்.

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. நெருப்பில்லாத இடம் பார்த்துக் கொடுத்து வைப்பதுதானே அம்மாவின் வழி? நான் மட்டும் ஏன் இதை ஆணியில் மாட்டிக் காவல் காக்கிறேன்? பையை எடுத்துக்கொண்டு போனால் வரமாட்டேன் என்று முதீர் நினைக்கிறார். பையை வைத்துவிட்டுப் போனால்? பாஸ்போர்ட் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு விமானம் ஏறுவதா? வழியில் யாராவது, உன் அப்பா செத்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால்? கேட்கமாட்டார்கள்தான். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய.

ஆனாலும் போனேன். பையைக் கொண்டுபோய் சாலிமின் மேசையில் வைத்து, "மேம் வாபஸ் ஆத்தா. காகஸ் இதர்" என்றேன், நான் திரும்பி வருவேன், காகிதம் இங்கேயே இருக்கட்டும் என்று. அவர் அதையும் தப்பாக எடுத்துக்கொண்டார். நான் வேலையை விடுகிறேன், கம்பெனிப் பொருளைத் திருப்பித் தருகிறேன் என்று நினைத்து, இதெல்லாம் கம்பெனிச் சாமான் இல்லையே என்று பையைத் திறந்தார். திறந்தவர் தும்ம ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரத் தும்மினார். "யே க்யா ஹை? மசாலா?" என்றார். நான் விளக்க வேண்டியதாயிற்று. தீபாவளி என்றேன். மஸ்கட்டில் மத்ரா பஜாரில் குஜராத்தி வியாபாரிகள் வைக்கிற விளக்கைப் பார்த்திருக்கிறாராம், தலையாட்டினார். வெடி என்று கையால் காட்டினேன். அது என் ஊர் என்றேன். வீட்டுக்குப் பக்கத்தில் நெருப்பு, ஆகவே ஒவ்வொரு வருடமும் காகிதம் வேறு வீட்டுக்குப் போகும் என்றேன். அவருக்குப் போய்ச் சேர்ந்தது வேறு மாதிரி. "ஹர் சால் துமாரா கர் ஜல்த்தா?" என்று பதறிப்போய்க் கேட்டார். வருடா வருடம் உன் வீடு எரியுமா? இல்லை இல்லை, ஒரு தடவைகூட எரியவில்லை என்றேன். எரியாத வீட்டுக்கு எதற்கு இவ்வளவு என்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு அவராகவே சொன்னார். அவர் அப்பாவின் ஊர் மலைக்குள் இருக்கிறது. ஃபலஜ் என்று ஒரு கல் வாய்க்கால், அதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தண்ணீர் நேரம். அப்பா காலத்தில் அதற்குக் காகிதமே கிடையாதாம், ஊர்க்காரர் தலைக்குள் இருக்குமாம். வீட்டில் பித்தளை ஆணி அடித்த மரப்பெட்டி உண்டு, மந்தூஸ் என்பார்கள், அதற்குள்ளும் கல்யாணத் துணிதான், காகிதம் இல்லை. அப்படியானால் உங்கள் ஊரில் யாராவது பொய் சொன்னால் என்று கேட்டேன். எல்லாருமா சேர்ந்து சொல்வார்கள் என்று திருப்பிக் கேட்டார். சுப்பையா அந்த ஊரில் பிறந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பேசிக்கொண்டே ஒவ்வொரு காகிதமாக எடுத்து வைத்தவர் ஒன்றில் நின்றார். மகளின் பிறப்புச் சான்றிதழ். சீசன் தொடங்குகிறது, வீட்டில் வைக்காதே, எனக்கே அனுப்பு என்று ஜெயாவைப் படுத்தி வாங்கி வைத்திருந்தேன். இங்கிலீஷிலும் அச்சடித்திருக்கும். அப்பா பெயர் இருந்தது, அம்மா பெயர் இருந்தது. குழந்தையின் பெயருக்கு நேராக ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் ஆஸ்பத்திரியில் பிறந்ததும் பெயரில்லாமல் பதிந்துவிடுவார்கள், பிற்பாடு போய்ச் சேர்ப்பது உண்டு. நான் வந்துதான் வைக்க வேண்டும் என்று வீட்டில் பாப்பா, பாப்பா என்றே கூப்பிட்டுக் காலம் போய்விட்டது. சாலிம் அந்த வெற்றிடத்தில் விரல் வைத்தார். "நாம்?"

"மேம் ஜாத்தா, நாம் ரக்த்தா" என்றேன். நான் போய்த்தான் பெயர் வைக்கணும்.

நடக்கிறாளா என்று இரண்டு விரலை மேசைமேல் நடத்திக் காட்டினார். ஆமாம் என்றேன்.

அவர் அந்த ஒரு காகிதத்தைத் தனியாக எடுத்து என் பக்கம் தள்ளினார். இது போகட்டும், மற்றது இருக்கட்டும் என்பது போல. மற்றதைப் பையில் போட்டு, பூட்டு வேண்டுமா என்று கேட்டார். கயிறு போதும் என்றேன். பிரஸ்ஸில் எல்லாம் பிளாஸ்டிக் பட்டைதான், சணல் இல்லை. தன் சட்டைப்பையிலிருந்து அந்த ஊர்க் காசில் இருநூறு பைசா எடுத்து ரஃபீக்கிடம் கொடுத்து, தெருமுனை பக்காலாவில், அதாவது பலசரக்குக் கடையில், வாங்கி வரச் சொன்னார். நான் என் சட்டைப்பையைத் தடவினேன். அப்புறம் என்ன தோன்றியதோ, கையை வெளியே எடுத்துவிட்டேன். "வாபஸ் ஆக்கே" என்றேன். திரும்பி வந்து தருகிறேன். அம்மாவின் முடிச்சைப் போட்டேன். சாலிம் இழுத்துப் பார்த்தார், அது இறுகியது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

ஊருக்கு வந்தேன். மகள் என்னைக் கண்டதும் ஜெயா பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். எனக்கு அவள் புதிது, அவளுக்கு நான் அதைவிடப் புதிது. பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டிக் காட்டித்தான் பக்கத்தில் வரவழைத்தேன். அம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை. "ஏலே, பையக் குடுத்திட்டா வந்திருக்க? யாருட்ட? அந்த ஆளு பெட்டி எங்கன இருக்கு? பக்கத்துல அடுப்பு கிடுப்பு உண்டுமா?" என்று பிடித்துக்கொண்டாள். ஏசி ரூம் என்றேன். "முடிச்சு?" என்றாள். "ஒன் முடிச்சுதாம்மா" என்றேன். அப்புறம்தான் சோறு போட்டாள். ஆபீசில் போய்ப் பெயரைச் சேர்த்தோம். கார்த்திகா. எழுதித் தந்த காகிதத்தை வெளியே வந்து வெயிலில் வைத்து மறுபடி மறுபடி படித்தேன். ஜெயா, "போதும், சாயம் போயிரப் போவுது" என்றாள்.

அந்தக் காகிதத்தை மஸ்கட்டுக்குக் கொண்டுபோகவில்லை. எல்லோருமாக விருதுநகருக்குப் போனோம். கனி பாய்க்குத் தாடி முழுக்க நரைத்திருந்தது. இரும்புப் பெட்டி அப்படியே இருந்தது. பாய் எடுத்துத் தந்த, வீட்டுப் பத்திரம் இருந்த பழைய பையை அம்மா அவிழ்த்தாள், சான்றிதழை உள்ளே வைத்தாள், கார்த்திகா தும்மினாள். பாய் புதுக் கயிறு அறுத்துக்கொண்டே, "வெளிநாட்டுக்காரன் வந்திருக்கான். இன்னிக்காவது என் முக்கா ரூவா வருமா?" என்றார். நான் பர்ஸை எடுத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். "நீ சும்மா இருலே. அது எனக்கும் பாய்க்கும் உள்ளது. அடுத்த தடவ தாரேன் பாய்."

"அல்லா அம்புட்டு ஆயுசு குடுக்கட்டும் ஒனக்கும் எனக்கும்" என்றார் பாய்.

லீவு முடிந்து மஸ்கட் வந்ததும் சாலிம் பெட்டியைத் திறந்து பையை எடுத்து மேசையில் வைத்தார். முடிச்சு நான் போட்டபடியே இருந்தது. ஒரு நாள் அவிழ்த்துப் பார்க்க முயன்றதாகவும் முடியவில்லை என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். பையை எடுத்துக்கொள் என்றார். இங்கேயே இருக்கட்டும் என்றேன். அவருக்கு ஆச்சரியம். எனக்கும்தான். அந்த அதிகாரி சொன்னபடி மறுபடி வந்தார், மணி அடித்தது. இந்தத் தடவை மிஷினை நிறுத்தி நேரே வேப்பமரத்தடிக்குப் போனேன், பச்சைப் படத்து மனிதனைப் போல வெறுங்கையோடு. தலை சரியாக இருந்தது. நெஞ்சோடு எதையும் பிடிக்காமல் நின்றபோது இரண்டு கையையும் எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற சாலிம் குனிந்து, "மேரா தோ சௌ பைசா?" என்றார், என் இருநூறு பைசா எங்கே என்று. "அடுத்த தடவ வாரப்போ தாரேன் முதீர்" என்று தமிழிலேயே சொன்னேன். புரிந்ததோ என்னவோ, தலையாட்டினார். விருதுநகரில் முக்கால் ரூபாய், மஸ்கட்டில் இருநூறு பைசா. இரண்டும் பாக்கி.